தகட்டைத் தட்டிப் பார்த்தால் தெரியாது: பாதுகாப்பான காரை அடையாளம் காண்பது எப்படி?

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் ஒருவர் கார் வாங்கப்போகிறார் என்று தெரிந்தால் தெருவே கூடி யோசனை சொல்லும். "தகடு கனமான வண்டியா பாருங்க அண்ணாச்சி, இப்ப வர்றதெல்லாம் தகரடப்பா" என்பார் ஒருவர். "ஆறு ஏர்பேக் இருந்தா கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்பார் இன்னொருவர். அஞ்சு ஸ்டார் வண்டி என்று விளம்பரத்தில் பார்த்ததைச் சொல்லி அதோடு பேச்சை முடித்துக்கொள்பவர்களும் உண்டு.

இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் லட்சக்கணக்கில் பணத்தைப் போடுகிறோம். அதே வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழை இருட்டில் புளியரை எஸ் வளைவில் லாரிகளுக்கு நடுவே ஏறுகிறோம். ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கொல்லம் வரை போகும் அந்தச் சாலையை ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே காருக்குள் இருப்பவர்களைக் காப்பாற்றப்போவது எது என்ற கேள்வி சும்மா பேசிவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்று. அதனால் அடியிலிருந்து தொடங்குகிறேன். மோதலில் உடம்புக்கு என்ன நடக்கிறது, காரின் எந்தப் பாகம் அதைத் தடுக்கிறது என்று புரிந்துவிட்டால், ஷோரூம்காரர் சொல்வதையும் புரோக்கர் சொல்வதையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

உடம்பு எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி

செங்கல் லோடு இறக்குவதைக் கவனித்திருப்பீர்கள். லாரிமேல் நிற்பவர் ரெண்டு ரெண்டு கல்லாக வீச, கீழே நிற்பவர் வாங்குவார். கையை விறைப்பாக நீட்டி வாங்கமாட்டார். கல் கையில் படும்போதே கையையும் அதோடு சேர்த்துக் கீழே இறக்கி, ஓரடி தூரம் அதன் கூடவே போய் நிறுத்துவார். கல்லின் எடையும் வேகமும் அதேதான். நிற்பதற்கு அது எடுத்துக்கொள்ளும் தூரம் மட்டும் கூடுகிறது. தூரம் கூடக் கூடக் கையில் விழும் அடி குறைகிறது. விறைத்த கையில் வாங்கினால் பொழுது சாய்வதற்குள் மணிக்கட்டு போய்விடும்.

காரிலும் இதே கணக்குதான். மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் போகும் காருக்குள் நீங்களும் அதே 64-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். 16 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் இது. கார் எதிலாவது மோதி நின்றாலும் உங்கள் உடம்பு நிற்காது. ஏதாவது ஒன்று அதை நிறுத்தும்வரை அதே வேகத்தில் முன்னே போகும். டாஷ்போர்டில் இடித்து 10 சென்டிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால், உடம்பின் மேல் சராசரியாக அதன் எடையைப்போல் 160 மடங்கு விசை விழும். காரின் முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்க, அந்தத் தூரம் முழுக்க பெல்ட் உங்களைக் காரோடு சேர்த்துப் பிடித்திருந்தால் அது சுமார் 27 மடங்காகக் குறையும். முதலாவதில் பிழைப்பது அரிது. இரண்டாவதில் நெஞ்சில் பெல்ட் பதிந்த கன்றலோடு கதவைத் திறந்து இறங்கி வர வாய்ப்பிருக்கிறது.

வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 64-க்குப் பதில் 90-இல் போனாலே ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பு. எவ்வளவு நல்ல காரை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதுவரை பார்த்தது: அடியைத் தீர்மானிப்பது நிற்கும் தூரம். அந்தத் தூரத்தை உடம்புக்குக் கொடுப்பதுதான் பாதுகாப்பான காரின் வேலை.

முன்பக்கம் நசுங்க வேண்டும், கூடு நசுங்கக் கூடாது

அந்தத் தூரம் கிடைக்க இரண்டு நடக்க வேண்டும். காரின் முன்பகுதி திட்டமிட்டபடி மடிந்து நசுங்க வேண்டும். இதை நொறுங்கு பகுதி என்கிறார்கள். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறை தன் வடிவம் கெடாமல் நிற்க வேண்டும். இது பயணியர் கூடு. மெர்சிடிஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி 1950-களின் தொடக்கத்திலேயே இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய எல்லாக் கார்களும் அதன் வழியில் வந்தவைதான்.

மோதிய காரின் முன்பக்கம் அப்பளமாகிக் கிடப்பதைப் பார்த்து, "எப்படி நொறுங்கியிருக்கு பாரு, ஒண்ணுக்கும் உதவாத வண்டி" என்று சொல்வது நம் ஊரில் வழக்கம். பார்க்க வேண்டியது அதுவல்ல. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா, கதவு திறக்கிறதா, ஸ்டியரிங் ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வந்திருக்கிறதா, பெடல் இருக்கும் இடம் காலை நெருக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் முழுக்கப் போய், கூடு அப்படியே இருந்தால் அந்தக் கார் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

பழைய காலத்து வண்டிதான் உறுதி என்ற நம்பிக்கையையும் இங்கேயே பேசிவிடலாம். அமெரிக்காவின் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2009-இல் ஒரு சோதனை செய்தது. 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் பெல்ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் மாலிபு காரையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல்ஏர் கனமான இரும்பும் நீளமான முன்பக்கமும் கொண்ட வண்டி. அதன் கூடு உள்ளே மடிந்து, ஓட்டுநர் இடத்தில் இருந்த பொம்மை பிழைக்க வழியில்லாமல் போனது. மாலிபுவின் கூடு நின்றது. அதன் ஓட்டுநருக்குக் காலில் காயம் வரலாம் என்ற அளவில் முடிந்தது.

கதவையும் பானெட்டையும் தட்டிப் பார்க்கும்போது நாம் தொடுவது மேல்தோலை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு அது. மழைக்கும் காற்றுக்கும் அழகுக்கும் போட்டது. உயிரைக் காக்கும் எஃகு அதற்கு உள்ளே, தூண்களிலும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்திலும் எஞ்சினின் இரண்டு பக்கமும் முன்னோக்கி ஓடும் நீள்கட்டைகளிலும் இருக்கிறது. அங்கே எந்த வலிமையுள்ள எஃகு போட்டிருக்கிறார்கள் என்று தட்டியும் தெரியாது, கதவைச் சாத்தும்போது "தொப்" என்று வரும் சத்தத்திலும் தெரியாது.

அது தெரிய ஒரே வழி மோதிப் பார்ப்பதுதான். கார்களை மோதிப் பார்த்து ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பிடும் குளோபல் என்காப் என்ற அமைப்பு 2014 ஜனவரியில் அதைச் செய்து காட்டியது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களை மோதவிட்டபோது ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். ஆனால் அந்த ஐந்து பூஜ்யங்களும் ஒன்றல்ல. ஃபிகோ, போலோ இரண்டின் கூடும் நிலையாக நின்றது. அவற்றில் ஏர்பேக் வைத்தால் பலன் இருக்கும் என்றார்கள். மற்ற மூன்றிலும் கூடே தாங்கவில்லை. ஏர்பேக் வைத்தாலும் பெரிதாக உதவாது என்றார்கள். அதே போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஏர்பேக் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கார் எடுப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

பெல்ட் முதலில், ஏர்பேக் பிறகு

கூடு நின்றால் போதாது, அந்தக் கூட்டோடு உங்களை யாராவது கட்டிப்போட வேண்டும். அதைச் செய்வது சீட் பெல்ட். தோளிலும் இடுப்பிலும் மூன்று புள்ளிகளில் பிடிக்கும் பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் உருவாக்கினார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அதன் காப்புரிமையைத் திறந்துவிட்டது.

இன்றைய பெல்ட்டில் கூடுதலாக இரண்டு உறுப்புகள் இருக்கலாம். ப்ரீடென்ஷனர் மோதிய கணத்தில் சிறு வெடிமருந்தின் விசையால் பெல்ட்டின் தொய்வைச் சுருட்டி இழுக்கும். லோட் லிமிட்டர், நெஞ்சில் விசை அளவு மீறும்போது பெல்ட்டைச் சற்று நெகிழவிடும். கல் வாங்குபவர் கையைக் கீழே இறக்குகிறாரே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது.

பெல்ட் பிடித்த பிறகும் தலையும் கழுத்தும் முன்னே வீசும். அதை வாங்கிக்கொள்ள வருவது ஏர்பேக். மோதலை உணர்ந்த பிறகு விரிந்து முடிக்க அது எடுத்துக்கொள்வது ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு அளவுதான். பெல்ட் போட்டவர் அது விரிந்து முடிந்த பின் அதில் சாய்வார். பெல்ட் போடாதவர் விரிந்துகொண்டிருக்கும் பையிலேயே போய் மோதுவார், அதுவே காயம் உண்டாக்கும். ஸ்டியரிங்கின் நடுவுக்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் விட்டு உட்காரச் சொல்வதும் இதனால்தான்.

"மோதியும் ஏர்பேக் வரல, அது டூப்ளிகேட்" என்ற புகாரை அடிக்கடி கேட்கிறோம். ஏர்பேக் எல்லா மோதலுக்கும் விரியாது. கார் எவ்வளவு திடீரென்று, எந்தத் திசையில் வேகம் இழக்கிறது என்பதை உணர்கருவி அளந்து முடிவெடுக்கும். பின்னாலிருந்து ஒருவர் இடித்தாலோ, பெல்ட் ஒன்றே போதும் என்ற அளவில் லேசாக மோதினாலோ முன் ஏர்பேக் வராமல் இருப்பது சரியான நடத்தைதான். முன்னால் கட்டும் இரும்பு கார்டு இந்தக் கணக்கையே குழப்பிவிடும். நொறுங்கு பகுதிக்கு முன்னால் விறைப்பான கம்பியை வைத்தால் விசை வரும் வழி மாறுகிறது, உணர்கருவிக்குத் தப்பான செய்தி போகிறது. நடந்து போகிறவர்களுக்கும் அது ஆபத்து. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் அதைத் தடை செய்யச் சொன்னது; இன்றும் கடைகளில் தொங்குகிறது. இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில் இறுக்கமான சீட் கவர் போடுவதும் அதே போன்ற ஆபத்து. பை வெளியே வர வழி இருக்காது.

பின்சீட்டுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது விலையுயர்ந்த காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்பது நாடு முழுக்கப் பேசப்பட்டது. குற்றாலத்துக்கோ சபரிமலைக்கோ போகும் வண்டிகளில் இன்றும் பின்சீட்டுப் பெல்ட்டின் கொக்கி சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதும் அப்படியே. 50 கி.மீ. வேகத்தில் மோதினால் 10 கிலோ குழந்தை கையிலிருந்து சுமார் 200 கிலோ விசையோடு பிடுங்கிக்கொண்டு போகும். எந்தத் தாயாலும் தகப்பனாலும் பிடித்து வைக்க முடியாது. குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். அதைக் காரின் சட்டத்தோடு நேரடியாகப் பூட்டும் இரும்பு வளையங்களுக்கு ஐசோஃபிக்ஸ் என்று பெயர். பின்சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் தட்டுப்படும். பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

சுருக்கமாக: கூடு இடம் தருகிறது, பெல்ட் உங்களை அதில் இருத்துகிறது, ஏர்பேக் மிச்ச அடியை வாங்குகிறது. வரிசையில் முன்னால் இருப்பது இல்லையென்றால் பின்னால் இருப்பதற்குப் பலன் குறைவு.

நட்சத்திரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

புதுக் கார்களை மோதிப் பார்த்து மதிப்பெண் தரும் திட்டங்களுக்கு என்காப் என்பது பொதுப்பெயர். நம் நாட்டுக்கென்று பாரத் என்காப் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் முடிவுகள் அந்த டிசம்பரில் வந்தன. டாடா ஹாரியர், சஃபாரி இரண்டும் ஐந்து நட்சத்திரம் வாங்கின. காரை 64 கி.மீ. வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் இடிக்கும்படி மோதவிடுவார்கள். பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்தில் ஒரு இடி, கம்பத்தில் 29 கி.மீ. வேகத்தில் ஒரு இடி. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு முறையே 27-ம் 41-ம் வேண்டும். இந்தச் சோதனைக்கு வருவது நிறுவனத்தின் விருப்பம், கட்டாயமில்லை.

நட்சத்திரத்தைப் பார்க்கும்போது அது எந்த ஆண்டின் விதிப்படி கிடைத்தது என்று கட்டாயம் பாருங்கள். மாருதி ஸ்விஃப்ட் 2018-இல் குளோபல் என்காப்பில் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. 2022-இல் விதிகளைக் கடுமையாக்கிய பின் ஒன்றுதான் வாங்கியது. அதே நிறுவனத்தின் புதிய தலைமுறை டிசையர் 2024-இல் ஐந்து வாங்கியது. ஆகவே நிறுவனத்தின் பெயரையோ மாடலின் பெயரையோ வைத்து முடிவுக்கு வரக் கூடாது. சோதிக்கப்பட்ட தலைமுறையும் ஆண்டும் நீங்கள் வாங்கும் வண்டியோடு பொருந்த வேண்டும்.

முன் மோதல் சோதனை, கிட்டத்தட்ட அதே எடையுள்ள இன்னொரு கார் எதிரே வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் காட்டுகிறது. ஐந்து நட்சத்திரச் சின்னக் காரும் ஐந்து நட்சத்திரப் பெரிய காரும் ஒன்றையொன்று மோதினால் சின்னக் காருக்கே அடி அதிகம். எம்சாண்ட் லோடு லாரி எதிரே வந்தால் அந்தக் கணக்கு எதற்கும் ஒத்துவராது. நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் அறிக்கையைத் திறந்து ஒரு வரியைத் தேடுங்கள்: கூடு நிலையானதா, நிலையற்றதா. குளோபல் என்காப் அறிக்கைகளில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். நான் ஒரு காரைப் பற்றி முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

மோதாமல் இருக்க உதவுபவை

ஏபிஎஸ், அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலக முடியும். ஈஎஸ்சி அதற்கும் ஒரு படி மேலே. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய திசையும் கார் உண்மையில் போகும் திசையும் வேறுபட்டால், ஒரு தனிச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை நேராக்கும். ஈரமான மலைவளைவில் பின்பக்கம் வழுக்கும்போது உங்களைவிட வேகமாக அது செயல்படும். பாரத் என்காப்பில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க ஈஎஸ்சி இருக்க வேண்டும். எங்களைப்போல் அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர்கள் சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

இத்தனையும் சாலையைத் தொடுவது நான்கு டயர்கள் வழியாகத்தான். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன், அதாவது சாலையைத் தொடும் பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள், நன்றாகத் தெரிந்தாலும் வயதான ரப்பர் இறுகி, மழையில் பிடிப்பை இழக்கும். பட்டன் ஆழத்துக்குச் சட்டப்படி குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சிறு மேடு டயர் பரப்போடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டிய நேரம்.

பழைய கார் பார்க்கும்போது

இங்கேதான் நம் எல்லையோர வாசம் குறுக்கே வருகிறது. புனலூர், கொட்டாரக்கரைப் பக்கம் இருக்கும் வண்டி தென்காசியில் விற்பனைக்கு வரும், இங்குள்ளது அங்கே போகும். வண்டியின் கதை பாதி ஒரு மாநிலத்திலும் மீதி இன்னொன்றிலும் கிடப்பதால் விசாரிப்பது கடினம். அதனால் வண்டியையே பேசவைக்க வேண்டும்.

முதலில் ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பதிவு செய்த தேதி வேறு, இது வேறு. 2019 ஏப்ரல் முதல் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அந்த ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் பெல்ட் போடச் சொல்லும் ஒலியும். அந்த அக்டோபர் முதல், அரசின் கட்டாய மோதல் விதிகள் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் வந்தன. ஆம்னி போன்ற பழைய வண்டிகள் அந்த ஆண்டோடு நின்றுபோனது இந்த விதிகள் நெருங்கியதால்தான். 2022 தொடக்கம் முதல் முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். ஆகவே 2022-க்குப் பிறகு செய்த வண்டி என்றால் மலிவான மாடலிலும் இந்த அடிப்படைகள் இருக்கும். அதற்கு முந்தியது என்றால் வேரியண்ட் பெயரைக் கேட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பெரிய காரின் 2014 மாடலும் சின்னக் காரின் 2023 மாடலும் ஒரே விலைக்குக் கிடைத்தால், பாதுகாப்பு என்று பார்க்கும்போது பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம்தான் நான் சாய்வேன், அதன் அறிக்கையில் கூடு நிலையானது என்று இருந்தால்.

அடுத்து, பெரிய அடி பட்டுச் சரிசெய்த வண்டியா என்று பார்ப்பது. ஒரு முறை நசுங்கிய நொறுங்கு பகுதியை இழுத்துத் தட்டி நேராக்கினால் பார்வைக்குப் பழையபடி ஆகிவிடும். மடிந்த எஃகு பழைய எஃகு ஆகாது. அடுத்த மோதலில் எங்கே, எந்த வேகத்தில் மடிய வேண்டுமோ அப்படி அது மடியாது. எங்கள் பக்கத்து டிங்கர் ஒருவர் பானெட்டைத் திறந்துவைத்து இதை எனக்குக் காட்டித் தந்தார். "பெயிண்ட பாக்காதீங்க அண்ணாச்சி, போல்ட்ட பாருங்க" என்றார். பானெட் கீலையும் மட்கார்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் கம்பெனியில் அடித்த பெயிண்ட் உடையாமல் இருந்தால் அவை கழற்றப்படவில்லை. மூலைகளில் ஸ்பானர் கடித்த தடம் இருந்தால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். மட்கார்டு மட்டும் மாற்றியிருந்தால் பெரிய விஷயமில்லை. அதற்கு உள்ளே, சஸ்பென்ஷன் வந்து உட்காரும் ஏப்ரன் என்ற தகட்டையும் முன்னோக்கி ஓடும் நீள்கட்டையையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி வெல்டு ஒரே இடைவெளியில் புள்ளி புள்ளியாக இருக்கும். வரி வரியாக ஓடிய வெல்டு, விரலால் இழுத்த மாதிரி சீலன்ட், ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் பெயிண்ட் தென்பட்டால் அந்த வண்டியை விட்டுவிடலாம். விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

வெள்ளம் பார்த்த வண்டி இன்னும் மோசம், காரணம் வெளியே தெரிவதில்லை. 2015-இல் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி என்று தண்ணீர் ஏறியபோதெல்லாம் ஏராளமான கார்கள் மூழ்கின. சரிசெய்வது கட்டுப்படியாகாது, டோட்டல் லாஸ் என்று காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கிய வண்டியைக் கழுவிக் காயவைத்து அடுத்த மாநிலத்தில் விற்றுவிட முடியும். எஞ்சின் ஓடும், ஏசி குளிரும். ஆனால் ஏர்பேக்கை எப்போது விரிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பொதுவாகக் காரின் நடுவில், கியர் பகுதிக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. தண்ணீர் முதலில் போய்ச் சேர்வது அங்கே. இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறி, தேவைப்படும் நாளில் அது பேசாமல் இருந்துவிடலாம்.

இதைக் கண்டுபிடிக்க பெல்ட் ஒன்றே பெரிய உதவி. முன்சீட்டுப் பெல்ட்டை மெதுவாக, கடைசி முடிவு வரை வெளியே இழுங்கள். யாரும் கழுவாத கடைசி ஓரடியில் செம்மண் கோடோ பூஞ்சைக் கறையோ ஊறிய வாசனையோ இருந்தால் வண்டி மூழ்கியிருக்கிறது. அப்படியே பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் பெல்ட் செய்த தேதியைப் பாருங்கள். அது வண்டி செய்த தேதிக்கு ரொம்பப் பின்னால் இருந்தால் விபத்தில் ப்ரீடென்ஷனர் வெடித்து மாற்றியிருக்கலாம், ஏன் என்று கேளுங்கள். சீட் நகரும் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னி குழியில் படிந்த வண்டல், மிதியடிக்கு அடியில் கார்ப்பெட்டின் ஈரம் எல்லாம் அதே கதையைச் சொல்லும். கடலோரமாகவே ஓடிய வண்டி என்றால் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தையும் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்றில் அரித்த சட்டம் பக்கவாட்டு மோதலைத் தாங்காது.

ஏர்பேக் விளக்கைப் பார்க்கும் முறை எளிது. சாவியை ஆன் செய்ததும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் சந்தேகப்பட வேண்டும், விளக்கைக் கழற்றியிருக்கலாம். வேறொரு விளக்கோடு ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைந்தால் அதன் ஒயரில் சேர்த்துவிட்டிருக்கலாம். வெடித்த ஏர்பேக்கை மாற்றச் செலவு அதிகம் என்பதால் மூடியை மட்டும் ஒட்டி விற்பவர்கள் உண்டு. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் செலவு வண்டி விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

காகிதத்திலும் ஒரு தடயம் இருக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் என்ற சதவீதத்தைப் பாருங்கள். கிளைம் வாங்காத ஆண்டுகள் கூடக் கூட 20, 25, 35, 45, 50 என்று ஏறும். "ஒரு கீறல்கூட விழல" என்று சொல்லும் ஐந்து வருட வண்டியின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், போன வருடம் கிளைம் வாங்கியிருக்கலாம் அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கலாம். எதுவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேரளப் பதிவு வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டியதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆரியங்காவு வரை ஏறி இறங்குங்கள். இறக்கத்தில் பிரேக் பெடல் போகப்போக ஆழமாக இறங்கினால் பிரேக் ஆயில் ஈரம் இழுத்துப் பழசாகியிருக்கலாம். சூட்டில் அது கொதித்துப் பிடிப்பு போய்விடும். நேர்சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் டயர், அலைன்மென்ட் சரிபார்த்த பிறகும் நிற்கவில்லை என்றால் சட்டமே கோணியிருக்கலாம்.

வண்டி முடிந்துவிட்டால், பேரத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், வயதான டயர் இருந்தால் நான்கையும் மாற்றுங்கள். அப்புறம் பின்சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும் பெல்ட் கொக்கிகளை வெளியே எடுத்து, மூன்றும் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் குழந்தை இருக்கையை வாங்கிப் பூட்டுங்கள். சீட் கவரும் மியூசிக் சிஸ்டமும் அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.